மூக்கு மருந்துக்கு எக்ஸ்ட்ரா கிடையாது, அம்மிணி

அம்மிணி,

நீ இந்நேரம் அனுப்பர்பாளையம் பனியன் யூனிட்டில் நின்றுகொண்டு, கடைசி லாட் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருப்பாய். ஆர்டர் வேலையாக அமெரிக்காவிலிருந்து வந்தவள், நாளைக் காலை கோவையில் உனக்குத் திரும்ப விமானம். அடுப்படியில் உன் அம்மா, அமெரிக்காவில் துவரம்பருப்பே கண்ணில் படாது என்பது போலப் புலம்பிக்கொண்டு பருப்புப் பொடிக்கு வறுத்துக்கொண்டிருக்கிறாள். நான் உன் அறையில், உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் முடிப்பதற்குள் "ஆகட்டுங்கப்பா" என்று சொல்லிவிடுகிறாய். காலமெல்லாம் வகுப்பறையில் நின்றவனுக்கு எது காதுக்குள் போன ஆகட்டும், எது வாயோடு நிற்கிற ஆகட்டும் என்று தெரியும். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மூக்கு மருந்தைப் பற்றித்தான். நீ சம்மதித்தால் இதை எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் மாத இதழுக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு வயிற்று உப்புசம். உன் பெயரைப் போடமாட்டேன். ஊர் முழுக்க அம்மிணிகள்தானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

பள்ளிக்கூடம் படிக்கும்போதே உனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ஊசியைக் கையில் எடுத்த நாளிலிருந்து நீ அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் உன் பெரியப்பா மகன் கல்யாணத்தில் நீ செய்ததை மறக்கவில்லை. இரண்டு ஜாங்கிரி தின்றுவிட்டு, அதற்கு ஈடு என்று இன்சுலினை நீயாகவே கொஞ்சம் தூக்கிப் போட்டுக்கொண்டு, மணமேடைக்குப் பின்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாய். வாயில் சர்க்கரையைப் போட்டு உன்னை நிமிர்த்தியதும் நீ சொன்ன முதல் வார்த்தை, "கணக்குல கொஞ்சம் கூடிப் போச்சுங்கப்பா." எதுவும் குறைந்துவிடக் கூடாது, கூடினால் பரவாயில்லை என்பது உன் கூடவே பிறந்த குணம். பின்னலாடை வேலைக்குப் போன பிறகு அதையே சம்பளம் கொடுத்து வளர்த்துவிட்டார்கள்.

இவ்வளவு வருஷச் சர்க்கரை இரைப்பையை அசைக்கிற நரம்பைச் சோம்பலாக்கிவிட்டது என்று உன் அமெரிக்க டாக்டர் சொன்னதாக நீ போனில் சொன்னபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. காலையில் தின்ற இட்லி சாயங்காலம் வாந்தியில் அப்படியே வந்தது என்றாய், அப்போது விளங்கியது. மாத்திரை போட்டால் அதுவும் இட்லியோடு வெளியே வந்துவிடும், அல்லது கீழே இறங்காமல் இரைப்பையிலேயே படுத்துக்கிடக்கும். அதனால்தான் அதே வகை மருந்தை மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாக எழுதிக் கொடுத்தார். நீ இங்கே வந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டியதும் உன் அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஏம் அம்மிணி, கோளாறு வயித்துல, மருந்து மூக்குலயா? ஆண்டவன் உனக்குக் குழாயை மாத்திப் போட்டுட்டானா?" நான்தான் அவளுக்கு உதாரணம் சொன்னேன். அவிநாசி ரோட்டில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கும்போது பஸ் அசையாது, பைக்குக்காரன் சந்துக்குள் புகுந்து போய்விடுவான். மாத்திரை என்பது பஸ், இது பைக். மூக்கின் உள்தோலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போய்விடுகிறது. உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "பைக்குக்காரன்தான் அதிகமா உழுந்து கை காலை ஒடைச்சுக்கறான்" என்றாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ வந்த புதிதில் இரண்டு தோசை சாப்பிட்டு, அது ஒழுங்காகக் கீழே இறங்க, தெம்பாக வேலைக்குப் போனாய். வாந்தி நின்றது. நல்ல மருந்துதான். நல்ல மருந்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதுதான் நாம் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாய். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் உன் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. எதையோ மெல்லுகிற மாதிரி, உதட்டைச் சப்புகிற மாதிரி. பரீட்சை ஹாலில் சுற்றிச் சுற்றி வந்த பழக்கம், யோசிக்காமலே கேட்டுவிட்டேன்.

"வாயில என்ன அம்மிணி?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"காட்டு."

குடும்பம் நடத்துகிற பெண், சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினாய். ஒன்றுமில்லை. நீ சிரித்துக்கொண்டு சொன்னாய், "நீங்களுமாங்கப்பா? யூனிட்ல பீஸ் செக்கிங்ல இருக்கற அக்காங்க எனக்குச் சூயிங்கம் மேடம்னு பேரே வெச்சுட்டாங்க. 'மேடம், எங்களுக்கும் ஒண்ணு குடுக்கறது'ங்கறாங்க. நான் கம் தின்னே வருஷக்கணக்காச்சு." நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் எதுவும் இல்லாமல் மெல்லுகிறாய், மெல்லுவது உனக்கே தெரியவில்லை. தினமும் உன்னைப் பார்க்கிற அந்தப் பெண்கள் கண்டுபிடித்துக் கேலியாக்கிவிட்டார்கள். எங்களுக்குக் கண்ணில் படவே இத்தனை நாள் ஆனது.

அந்த மருந்தை எப்படி அடிக்கிறாய், எனக்குச் செய்து காட்டு என்றேன். மருந்தை அழுத்தாமல் வெறும் பாவனையாகக் காட்டினாய். சளிக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி தலையைப் பின்னால் மல்லாத்தினாய். மூச்சை விசுக்கென்று இழுத்தாய். தொண்டையில் கசப்பு இறங்கும், மூக்கிலிருந்து கொஞ்சம் ஒழுகும் என்றாய். ஒழுகிப்போனதை ஈடு கட்ட இன்னொரு தடவை அழுத்துவேன் என்றாய்.

"எதுக்கு இன்னொண்ணு? டாக்டரு ஒண்ணுதான சொன்னாரு?"

"எக்ஸ்ட்ராங்கப்பா. நூறு பீஸ் ஆர்டர்னா நூறேவா வெட்டுவாங்க? தையல்ல நாலு கெடும், அயர்ன்ல ரெண்டு கறையாகும். எக்ஸ்ட்ரா வெட்டலீன்னா ஷிப்மென்ட்ல குறையும். இதுவும் அப்படித்தானுங்."

எனக்குக் கோபம் வந்தது என்று நீ நினைத்தாய். வந்தது பயம். ஆனாலும் உன் பாஷையிலேயே பதில் சொன்னேன். "துணியில எக்ஸ்ட்ரா வெட்டுனா மிச்சத்தைக் காதர்பேட்டைச் சந்தைக்கு அனுப்பி வித்துப் போடலாம். தலைக்குள்ள போன எக்ஸ்ட்ராவுக்கு எந்த ஊர்ல காதர்பேட்டை இருக்குது, அம்மிணி?" நீ லேப்டாப்பை மூடினாய். அப்போதுதான் முதல்முறையாக உன் முகத்தில் ஆகட்டுங்கப்பா இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு மூக்குத் துளையில் ஒரே அழுத்தல், படுக்கும்போது ஒன்று, ஒரு நாளைக்கு நான்கைத் தாண்டவே கூடாது என்பது டாக்டர் சொன்னது. யூனிட்டில் டீயும் பன்னும் வருகிற போதெல்லாம் அதையும் ஒரு சாப்பாடாக வைத்துக்கொண்டு நீ அதற்கும் அடித்திருக்கிறாய். சில வாரங்கள்தான் இந்த மருந்து, எப்படிப் போனாலும் மொத்தத்தில் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். நீயோ அங்கே போட்டதைக் கழித்துவிட்டு, திருப்பூரில் இறங்கிய நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறாய். இங்கே சரக்கு தாமதமானதும், அதை வாங்குகிற பையரிடம் தேதி நீட்டி வாங்கினாய் அல்லவா, அதோடு சேர்த்து மருந்துக்கும் நீயே தேதி நீட்டிக் கொடுத்திருக்கிறாய்.

நான் பாட்டிலைப் பிடுங்கி எறியவில்லை. முதலில் டாக்டரைக் கூப்பிடு என்றேன். அங்கே விடிந்ததும் வீடியோவில் வந்தார். உன் வாயைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கு ஓரிடத்தில் நிற்காமல் நெளிந்தது. உடனே நிறுத்தச் சொன்னார், இங்கே ஒரு நரம்பு மருத்துவரைப் பார்க்கவும் சொன்னார். கோவை டாக்டர் நிதானமான மனிதர். "இந்த மருந்து வயித்தை மட்டும் தொடறதில்லீங். மூளையில அசைவைக் கட்டுப்படுத்தற இடத்தையும் தொடுது. அளவு கூடுனாலும், நாள் நீண்டாலும் வாய், நாக்கு, கை காலு தானா அசைய ஆரம்பிக்கும். சர்க்கரை இருக்கறவங்களுக்கும், பெண்களுக்கும், வயசானவங்களுக்கும் அந்த ஆபத்து ஜாஸ்திங்" என்றார். உன் அம்மா நடுவில் புகுந்து, "போயிருமுங்களா டாக்டர்?" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, "சீக்கிரமே கண்ணுல பட்டதால போயிரும்னு நம்பறோமுங். சத்தியம் பண்ண முடியாது. மறுபடி அந்த மருந்தைத் தொட்டா, போகாமயே நின்னுக்கும்" என்றார்.

அங்கேதான் அவர் இன்னொன்றும் கேட்டார், "மனசு எப்படி இருக்குதுங்?" என்று. நீ தலையைக் குனிந்துகொண்டு, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றாய். சரக்குத் தாமதத்தால் வந்த கவலை என்றும், மாப்பிள்ளையையும் பேத்தியையும் விட்டு வந்த ஏக்கம் என்றும் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மனச்சோர்வும் இந்த மருந்தால் வரலாமாம். கால் ஓரிடத்தில் நிற்காமல் பரபரப்பதும் வரலாமாம். ஸ்கூட்டியில் போகும்போது பாத்திரக் கடைப் பக்கம் சிக்னலில் தூக்கத்தில் கண் சொருகி, பின்னால் வந்த கம்பெனி வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டியதை அன்றைக்குத்தான் சொன்னாய். மருந்து அடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று மருந்துப் பெட்டியில் இருந்த தாளில் எழுதியிருக்கிறது. அதை நான் பூதக்கண்ணாடி வைத்து முழுவதும் படித்தேன். வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்துச் சலித்தவன் நான். என் பிள்ளையும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நிறுத்திய முதல் சில நாட்கள் தலைவலியும் எரிச்சலுமாக இருந்தாய். திடீரென்று நிறுத்தினால் அப்படி இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் சமாளித்தோம். இப்போது உன் வாய் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. களைத்துப்போன நாட்களில் மட்டும் உதட்டோரம் லேசாகத் துடிக்கிறது. செக்கிங் பெண்களில் ஒருத்தி, "என்னங் மேடம், கம் தீந்து போச்சுங்களா?" என்று கேட்டதாக நேற்றுச் சொன்னாய். அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தால் தகும். கேலி செய்கிறவளுக்குத்தான் நம் முகம் நன்றாகத் தெரிகிறது.

இனி நான் சொல்ல வேண்டியது. உனக்கு இந்த மருந்து முடிந்துபோன கதை. ஸ்ப்ரேயாக மட்டுமில்லை, மாத்திரையாகவும் ஊசியாகவும் இதே மருந்து உண்டு. வாந்தி என்று எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் யோசிக்காமல் போட்டுவிடக் கூடிய ஊசி அது. அதன் பெயர் மெட்டோகுளோபிரமைடு. உன் போனில் எழுதி வைத்துக்கொள், மாப்பிள்ளைக்கும் சொல்லி வை. எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன கையோடு, இந்த மருந்தால் எனக்கு வாய் அசைவு வந்தது என்று சொல். மயக்கமாகக் கிடந்தால் நீ சொல்ல முடியாது, அவர் சொல்லட்டும்.

உன்னைப் போலவே இரைப்பை சோம்பிய வேறு யாருக்காவது டாக்டர் இந்த ஸ்ப்ரேயை எழுதிக் கொடுத்தால், பயமுறுத்தாதே. முறையைச் சொல்லிக் கொடு. தலையை மல்லாத்த வேண்டாம், லேசாக முன்பக்கம் சாய்த்தால் போதும். ஒரு துளையை விரலால் மூடிக்கொண்டு மற்றதில் ஒரே அழுத்தல், மெதுவாக மூச்சு. சரியாகப் போனதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி அழுத்தவே கூடாது, அடுத்த வேளை வரட்டும் என்று விட்டுவிட வேண்டும். உன்னிடம் இல்லாமல் போனது அந்த ஒரு பொறுமைதான். ஒரு வேளை மறந்துபோனாலும் அப்படியே. பரீட்சை ஹாலில் கூடுதல் தாள் கேட்டு வாங்கியவனெல்லாம் கூடுதல் மதிப்பெண் வாங்கி நான் பார்த்ததில்லை. குடிக்கிற பழக்கம் உள்ளவர், மனச்சோர்வுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை போடுகிறவர், கை நடுக்க வியாதியோ வலிப்போ இருக்கிறவர், இவர்களெல்லாம் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போடுகிறவருக்கு இன்னொன்றும் உண்டு. சோறு இறங்குகிற வேகம் மாறினால் ஊசி போடுகிற நேரமும் மாறும், அதையும் டாக்டரோடு பேசித்தான் மாற்ற வேண்டும். முக்கியமாக, வீட்டில் இருக்கிற யாராவது ஒருவரிடம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லி வைக்க வேண்டும். தன் வாய் அசைவது தனக்குத் தெரியாது.

ஒருவர் மருந்து இன்னொருவருக்கு ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள். போன மாதம் சீர் விருந்தில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு வந்து நான் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது, "நீங்களும் ஒண்ணு அடிச்சுக்கறீங்களாங்கப்பா? கல்லு மாதிரி இருந்தாலும் கரைச்சுப் போடும்" என்று பாட்டிலை நீட்டினாய். நீ பாசத்தோடுதான் நீட்டினாய். என் வயதில் அந்த ஒரு அழுத்தல் என்னவெல்லாம் செய்திருக்கும் என்று தாளைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அறிவு அல்ல. உன் அம்மா கொண்டுவந்து வைத்த சீரகத் தண்ணீர்.

உன் வயிற்றைப் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது. இந்த மருந்து இல்லாமலே இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுகிறாய். எண்ணெய்ப் பலகாரத்தையும் நார் மிகுந்த கீரையையும் குறைத்து, குழைந்த ரசஞ்சோறாகச் சாப்பிடுகிறாய். சாப்பிட்டதும் படுக்காமல் மொட்டை மாடியில் நடக்கிறாய். வாந்தி முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. அடுத்து என்ன வழி என்று உன் டாக்டர் யோசித்து வைத்திருக்கிறார். ஊசியோடு வளர்ந்த பெண் நீ, இதையும் சமாளிப்பாய்.

இப்போது கடைசி விஷயம். பத்திரிகையில் போட வேண்டாம் என்று நீ சொன்னால் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுகிறேன். முதல் பொட்டலம் ஆறிவிட்டது, அம்மிணியின் கைப்பையில் வையுங்கள் என்று உன் அம்மா கொடுத்தாள். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் அங்கே அந்த ஸ்ப்ரே. பிரிக்காத புதுப் பெட்டி. இதை ஏன் எடுத்துப் போகிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. நீண்ட பயணம், வழியில் வயிறு நின்றுபோனால் என்ன செய்வது, ஒரே ஒரு தடவை, எதற்கும் இருக்கட்டும். உன் குரலிலேயே எனக்குக் கேட்கிறது. எக்ஸ்ட்ரா.

நான் அதை எடுக்கவில்லை. ஒளித்து வைக்கவும் இல்லை. உன் பையில் கைவிட்டு எடுத்தால் இன்றைக்கு ஒரு பெட்டி போகும், நாளைக்கு எனக்குத் தெரியாத இடத்தில் இன்னொரு பெட்டி இருக்கும். எடுத்து இந்த மேசையில் வைக்க வேண்டியது உன் கை. பொட்டலத்தைப் பையின் இன்னொரு ஜிப்புக்குள் வைத்தேன். இந்தக் கடிதத்தை மடித்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் செருகப் போகிறேன். நாளை கார் வந்து ஹாரன் அடிக்கும்போது இந்த மேசையை ஒரு தடவை பார்ப்பேன். அந்தப் பெட்டி இங்கே இருந்தால் நான் எதுவும் பேசமாட்டேன், மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய் முறையாக அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். இங்கே இல்லாவிட்டாலும் கதவை மறித்துக்கொண்டு நிற்கமாட்டேன். வளர்ந்துவிட்ட பிள்ளையை அப்படி நிறுத்த முடியாது.

ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வருவாய் அல்லவா. பேத்தியைப் பற்றி, பனியைப் பற்றி, உன் அம்மாவின் பொடியைப் பற்றி எல்லாம் பிறகு பேசலாம். எடுத்ததும் நான், "வாயில என்ன அம்மிணி?" என்று கேட்பேன். நீ நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். அது ஆடாமல் அசையாமல் நிற்பதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நாக்கை எட்டிப் பார்க்கிற உரிமையை விட்டுக்கொடுக்காத
அப்பா